ஏழாம் நம்பர் மேஜையின் கால்களை அறுத்தது நான்தான்

ஸ்ஃபாக்ஸ்
வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தபின்

சித்தி மகன் தம்பி ஸுஹைருக்கு, அண்ணன் ஹமாதி எழுதிக்கொள்வது.

நீயும் உன் மனைவி வஸீலாவும் பிள்ளைகள் இருவரும் உடல்நலத்தோடும் மனநிம்மதியோடும் இருக்க இறைவன் அருள்புரிவானாக. வஸீலாவுக்கும் பிள்ளைகளுக்கும் இதை மனதார எழுதுகிறேன். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நம் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால்தான் இதில் உன்னையும் சேர்த்திருக்கிறேன். இங்கே நான், ஜலீலா, மகள் ஒமைமா மூவரும் நலம். இல்லை, மூவர் என்று எழுதியது பிழை. இரண்டே முக்கால் பேர் நலம். ஒமைமாவின் வலது கை நலமில்லை. அது யாரால் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேரில் சொல்லலாம் என்றால் என்னைப் படியேற விடக்கூடாது என்று காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறாய். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏழு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எட்டாவது முறை உன் மகன் எடுத்து, அப்பா குளிக்கிறார் என்றான். பத்து நிமிடம் கழித்துக் கேட்டேன், இன்னும் குளிக்கிறார் என்றான். நீ இந்தக் கோடையில் எவ்வளவு நேரம் குளித்தாலும் அந்த மேஜைகளின் பாவம் போகாது. ஆகவே தாளை எடுத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உன் மைத்துனி கல்யாணத்தில் நீ என் தோளில் கைபோட்டுக் கேட்டது நினைவிருக்கிறதா? பிரான்சில் செருப்பும் சட்டையும் வாங்கியவர்கள் பார்சல் வரவில்லை என்று எழுதுவார்கள், அவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து கணினியில் பதில் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை, வெயில் கிடையாது, தூசி கிடையாது, முதலாளி சொந்தச் சித்தப்பா, உன் பெண்ணுக்கு இதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊரில் உண்டா என்றாய். நம்பி அனுப்பினேன். ஆறே மாதத்தில் உன் பதினெட்டுப் பெண்களில் அவள்தான் முதல் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். “அண்ணே, ஒம் பொண்ணுக்கு இருக்கறது கையில்ல, மெஷின்” என்று நடுக் காப்பிக்கடையில் வைத்துச் சொன்னாய். நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். முப்பத்தோரு வருடம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து இந்த ஊர்த் தராசுகளையெல்லாம் சோதித்தவன் நான். ஓய்வே கொடுக்காமல் ஓட்டினால் இரும்புத் தராசே முள் சாய்ந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். பெற்ற பெண்ணின் கை என்று வந்தபோது அந்த அறிவு எங்கே போயிற்றோ.

வசந்தம் தொடங்கிய சமயம். ஒருநாள் அவள் மிளகாய் விழுது ஜாடியின் மூடியைத் திறக்க முடியாமல் ஜலீலாவிடம் நீட்டினாள். மறுவாரம் என் தேநீர்க் கிளாஸைக் கொண்டுவந்தவள் என் மடியிலேயே போட்டாள். கொதிக்கக் கொதிக்கத் தேநீர், தம்பி, அதுவும் இருந்ததிலேயே நல்ல கால்சட்டையில். நான் கத்தினேன். கத்தினேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். உன் வயதில் நான் இருபது கிலோ எடைக்கல்லைக் கைக்கு ஒன்றாக இரண்டு தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறினேன், நீ பட்டனைத் தட்டிவிட்டுக் கை வலிக்கிறது என்கிறாயா என்று அவளைக் கேட்டேன். அவள் துணி எடுத்துவந்து இடது கையால் தரையைத் துடைத்தாள். பிறகு ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைக் கையின் பொத்தானைப் போட முடியாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, “உம்மா, இதப் போட்டு விடேன்” என்றாள். இருபத்தாறு வயதுப் பெண். கட்டைவிரலிலும் அதற்கடுத்த இரண்டு விரலிலும் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது, காலையில் எழுந்து கையை உதறினால்தான் உயிர் வருகிறது, நான்கு மாதமாக இப்படி என்று அப்போதுதான் சொன்னாள். நான்கு மாதம்! ஏன் சொல்லவில்லை என்று ஜலீலா கேட்டதற்கு, எல்லாருக்கும் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை என்றாள்.

எலும்பு டாக்டர் சல்வாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் மணிக்கட்டில் விரலால் தட்டினார், மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், பிறகு மருந்துச் சீட்டை எடுப்பதற்குப் பதிலாக ஒரு நாற்காலியைத் தன் மேஜைமுன் இழுத்துப் போட்டு, ஆபீஸில் எப்படி உட்காருவாயோ அப்படியே உட்கார் என்றார். ஒமைமா உட்கார்ந்தாள். தோள் இரண்டும் காதுக்கு ஏற, முழங்கை இரண்டும் பறக்கப்போகும் கோழியின் இறக்கைபோல அகல, மணிக்கட்டு மேஜை விளிம்பில் மடங்கிக் கிடக்க, கழுத்து முன்னால் நீண்டிருந்தது. இப்படி எத்தனை மணி நேரம் என்று டாக்டர் கேட்டார். எட்டு என்றாள். வீட்டுக்குப் போனபிறகு என்றார். மேற்பார்வையாளர் அனீஸ் போனில் செய்தி அனுப்புவார், அதற்குப் பதில் போட வேண்டும் என்றாள். எந்த விரலால் என்றார். இவள் வலது கட்டைவிரலைக் காட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். மேஜையும் போனும் என்னுடையவை என்பதுபோலப் பார்த்தார், தம்பி. உனக்கு விழ வேண்டிய பார்வையை நான் வாங்கினேன்.

மாத்திரை இதில் கால்வாசிதான், மீதி நீங்கள் உட்காருகிற விதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு டாக்டர் அவள் கையைப் பிடித்தே காட்டினார். முழங்கை உடம்போடு ஒட்டி, செங்கோணமாக மடங்கி நிற்க வேண்டும், மேஜை அந்த முழங்கை உயரத்துக்குமேல் போகக் கூடாது. மணிக்கட்டு மேலும் மடங்காமல் கீழும் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். தட்டுவதைப் பஞ்சைத் தொடுவதுபோலத் தட்டினால் போதும், ஆணி அடிக்க வேண்டியதில்லை. மவுஸை எட்டி எட்டிப் பிடிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கையை எடுத்துத் தொங்கவிட்டு, எழுந்து நின்று, விரல்களை விரித்து மூட வேண்டும். போனை மடியில் வைத்துக் குனியக் கூடாது, எல்லா வேலையையும் ஒரே கட்டைவிரல் தலையில் கட்டக் கூடாது, முடிந்தவரை வாயால் பேசி அனுப்ப வேண்டும். இதையெல்லாம் நான்கு மாதத்துக்கு முன்னால் செய்திருந்தால் என் வாசல்படியே மிதித்திருக்க வேண்டாம், இன்னும் நான்கு மாதம் விட்டிருந்தால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார். இரண்டு வாரம் ஓய்வு, திரும்பி வரும்போது சரியான மேஜை என்று உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ எனக்குப் போன் செய்து சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். “அண்ணே, வெரல் வலிக்கு லீவு குடுத்தேன்னா நாளைக்கு ஒருத்தி மூக்கு வலிக்குதும்பா, இன்னொருத்தி நகம் வலிக்குதும்பா. எனக்குப் பதினெட்டுப் பேரு.” பதினான்கு நாளில் நான்கு நாள் கொடுத்தாய். மேஜைக்குப் பதிலாக உன் கம்பெனி பெயர் அச்சடித்த ரப்பர் மெத்தை ஒன்று கொடுத்தனுப்பினாய், மணிக்கட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ளவாம். ஏற்கெனவே உயரமான மேஜைக்கு மேலே இன்னும் ஒரு மெத்தை! மலைமேல் ஏற முடியவில்லை என்பவனுக்கு ஏணி கொடுத்து, அதையும் மலை உச்சியில் வைத்திருக்கிறாய்.

சரி, நேரில் பார்ப்போம் என்று அளவு நாடாவோடு வந்தேன். அன்று நான் பார்த்ததை இத்தனை நாளும் மரியாதைக்காக வெளியே சொல்லவில்லை. மூடிப்போன தையல் கம்பெனியிலிருந்து நீ வாரிக்கொண்டு வந்த மேஜைகள். பதினெட்டையும் அளந்தேன், பதினெட்டும் எழுபத்தொன்பது சென்டிமீட்டர். ஒமைமா உட்கார்ந்தால் அவள் முழங்கை அறுபத்துநான்கு. நாற்காலியை உயர்த்தலாம் என்றால் உன் நாற்காலிகள் உயர மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கின்றன. சில பெண்கள் வீட்டிலிருந்து மெத்தை கொண்டுவந்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள், அதனால் கால் தரையைத் தொடாமல் தொங்க, காலுக்கு அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய திரை. ஒன்றரை நிமிடம் யார் தட்டவில்லையோ அவர் பெயர் அதில் சிவப்பாகிறது. நான் அளந்துகொண்டிருந்தபோது இப்திஸாம் என்ற பெண் நாடாவின் மறுமுனையைப் பிடித்து உதவினாள், உடனே அவள் பெயர் சிவந்தது. பயந்துபோய் நாடாவை விட்டாள், அது சுருண்டு வந்து என் மூக்கில் அடித்தது. அப்போது நீ அறையிலிருந்து வெளியே வந்து, அத்தனை பெண்களும் கேட்கும்படி, “அண்ணே, இது மீன் மார்க்கெட் இல்ல, ரிட்டையர் ஆயாச்சு, வீட்டுக்குப் போங்க” என்றாய். மீன் மார்க்கெட்டில் எனக்கு இருந்த மரியாதையை நீ பார்த்ததில்லை. அங்கே தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டியவன்கூட என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பொய் சொல்வான்.

இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஒமைமா மறந்துவிட்டு வந்த கண்ணாடியை எடுக்கவேண்டும் என்று உன் காவலாளியிடம் பொய் சொல்லி மாடிக்குப் போய், அவள் உட்காரும் ஏழாம் நம்பர் மேஜையைக் கவிழ்த்து நான்கு காலிலும் பதினைந்து சென்டிமீட்டர் அறுத்தவன் நான்தான். ஆடாமல் அசையாமல் நின்றது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், நீர்க்குமிழி நட்ட நடுவில். நான் அறியாதது ஒன்றே ஒன்று. உன் அலுவலகப் பெண்களில் யாருக்கும் சொந்த மேஜை கிடையாது, காலையில் முதலில் வருபவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? திங்கட்கிழமை காலை உன் அனீஸ், அந்த நெட்டை ஒட்டகம், ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டும் என்று ஏழாம் நம்பரில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தது அவர் இஷ்டம், எழுந்தது அவர் இஷ்டமாக இல்லை. முழங்கால் இரண்டும் மேஜைக்கு அடியில் சிக்கி, மேஜையோடு எழுந்து, இரண்டு எட்டு நடந்து, கணினியைக் கீழே போட்டார். அதற்கு வருந்துகிறேன், கணினிக்காக. பழி முழுவதும் ஒமைமா மேல் விழுந்தது. அவள் மாலையில் வீட்டுக்கு வந்து, “பாபா, ஒங்களுக்கு எங் கையப் பத்திக் கவலையா, இல்ல ஒங்க அளவு சரின்னு காட்டணுமா?” என்று கேட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், தெரியாததுபோல நடிக்கிறாய். அந்த மேஜைக்கு அடிபிடி தொடங்கியது. எட்டரை மணி வேலைக்குக் குட்டைப் பெண்கள் ஏழேகாலுக்கே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள், ஏழாம் நம்பர் கிடைக்க வேண்டும் என்று. ஒருநாள் இரண்டு பேர் கைப்பையை வீசி இடம் பிடித்து, யார் பை முதலில் விழுந்தது என்று சண்டை. உன் சுவர்த் திரையே சொல்லியது, எந்தப் பெண் அங்கே உட்கார்ந்தாலும் அன்றைக்கு அவள்தான் முதல். அந்தப் படிக்கட்டில்தான் அவர்கள் முதல்முறையாக ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொண்டார்களாம். பதினெட்டில் பதினோரு பேருக்கு விரல் மரத்துப் போகிறது. இப்திஸாம் தன் குழந்தைக்குத் தலைசீவக்கூட முடியாமல் மாமியாரிடம் ஏச்சு வாங்குகிறாள். தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருத்தியும் நினைத்து, பெயர் சிவந்துவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பதினெட்டுப் பேரும் தட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டது என் தூண்டுதல் என்று ஊரெல்லாம் சொல்கிறாயாம். பொய். எனக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நானும் வந்து நின்றிருப்பேன், அதனால்தான் சொல்லவில்லையாம். இப்திஸாம் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுவர் முழுக்கச் சிவப்பானதும் நீ ஓடிவந்து கத்தியதும், அதற்கு என் மகள் குரலை உயர்த்தாமல், “சித்தப்பா, அஞ்சு நிமிஷந்தான். வேல ஒங்களோடது, கை எங்களோடது” என்றதும், இஷ்டமில்லாதவர்கள் போகலாம் என்று நீ சொன்னதும், அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்ததும். பின்னாலேயே பத்துப் பேர் நடந்தார்கள். உன் ரப்பர் மெத்தையை அவள் எடுத்துவரவில்லை, அது அங்கேயே இருக்கிறது, அதில் தலைவைத்துத் தூங்கு.

ஸுஹைர், ரத்த சொந்தம் என்று நம்பி அனுப்பிய பெண்ணை வலிக்கிறது என்று சொன்ன குற்றத்துக்காக வெளியே அனுப்பினாய். இதை எழுதும்போதும் டாக்டர் சொன்னபடி அரை மணிக்கு ஒருமுறை பேனாவை வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன், வைத்த ஒவ்வொரு தடவையும் கோபம் புதிதாக வருகிறது. ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன். தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதினெட்டு மேஜையின் அளவும் போட்டு மனு எழுதிவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன். பெருநாள் காலையில் உப்பு மீனும் திராட்சைக் குழம்பும் சாப்பிட எங்கள் வீட்டுக்கு இனி வராதே. வீதியில் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன், எதிர்ப்பக்கம் வெயிலாக இருந்தால் நீ போக வேண்டும். ஒமைமா உன் படியை இனி மிதிக்க மாட்டாள். நமக்குள் இனிச் சித்தி மகன் பெரியம்மா மகன் என்ற பேச்சே இல்லை.

வஸீலாவுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இறைவன் உன் வாசலில் பரக்கத்தை இறக்குவானாக, அதைச் சரியான உயரத்துக்கு இறக்குவானாக.

இப்படிக்கு,
இதுவரை உன் அண்ணனாக இருந்த
ஹமாதி கம்மூன்

பின்குறிப்பு (சனிக்கிழமை காலை): தபாலில் போடக் கிளம்பும்போது ஒமைமா கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். ஜலீலாவைக் கூப்பிட்டு அவளுக்கும் படித்துக் காட்டினாள், அவளும் சிரித்தாள். விஷயம் என்னவென்றால் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாதாம். புதன்கிழமை ஆள் போதாமல் நீயே மூன்று மணி நேரம் உட்கார்ந்து பிரான்ஸ்காரர்களுக்குப் பதில் தட்டினாயாம், மறுநாள் விரலை மடக்க முடியாமல் டாக்டர் சல்வாவிடம் போனாயாம், அந்த அம்மாள் உன்னையும் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தாராம். வியாழக்கிழமை சாயங்காலமே, நான் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து, எங்கள் வீட்டுக்கே வந்து ஒமைமாவோடும் இப்திஸாமோடும் உட்கார்ந்து எல்லாம் பேசி முடித்துவிட்டாயாம். சுவர்த் திரையை இறக்கிவிட்டாய், அரை மணிக்கு ஒருமுறை ஓய்வு, வேலை முடிந்தபின் போனில் செய்தி கிடையாது, வெளியே நடந்த பத்துப் பேரும் திரும்பி வரலாம், ஒமைமா டாக்டர் சொன்ன மீதிப் பத்து நாளை முடித்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று ஒப்புக்கொண்டாயாம். அண்ணன் கோபம் ஆறட்டும், அதுவரை சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதும் நீதானாம். நாளை மதியச் சாப்பாட்டுக்கு ஜலீலா உன்னையும் வஸீலாவையும் அழைத்துவிட்டாளாம், மீன்கூட வாங்கியாயிற்று.

ஆகவே மேலே உள்ளதில் முதல் வாழ்த்தையும் கடைசி ஸலாமையும் மட்டும் படி, நடுவில் இருப்பதைத் தாண்டிவிடு. மனுவைக் கிழித்துவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் உன் அலுவலகச் சாவியை எடுத்துக்கொள், நான் நாடாவையும் ரம்பத்தையும் எடுத்துக்கொள்கிறேன், பதினேழு மேஜை பாக்கி இருக்கிறது, இனி ஆளுக்கொரு சொந்த மேஜை, பெண்களின் முழங்கை உயரத்தை இப்திஸாம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அனீஸ் மேஜையைத் தொட மாட்டேன்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட முடியவில்லை. நீ ஒமைமாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாயாம். அதை எழுதாதீர்கள் பாபா, சித்தப்பா கூச்சப்படுவார் என்றாள், எழுதிவிட்டேன். நான்கு மாதம் அவள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு நீ ஒரு காரணம், நான் இன்னொரு காரணம். நீ கேட்டுவிட்டாய், தம்பி. நான் இன்னும் கேட்கவில்லை. அவள் இப்போது மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள், இடது கையால். போய்க் கேட்டுவிட்டு வந்துதான் இந்த உறையை ஒட்டுவேன்.